கருங்காலிக்கு மண்டபமா?

ஆலை வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் கிரிக்கெட் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். கடைசியில் காசு கொடுத்தவன் பக்கம் போய் நின்றான். இனிமேல் எந்த ஆட்டக்காரனையும் நம்பக் கூடாது" என்கிறது ஒரு குரல். "அவன் வேலை பந்தை அடிப்பது. அடிக்கிறானா, கை தட்டு. அவன் எங்கே போனான், யாரிடம் வாங்கினான் என்பதெல்லாம் உனக்கு எதற்கு?" என்கிறது மற்றொரு குரல்.

இரண்டுமே தவறான குரல்கள். முதலாவது கசப்பிலே பிறந்தது. இரண்டாவது பணமூட்டைகள் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம்.

நூற்பு இயந்திரத்தின் முன்னால் ஷிப்ட் முழுவதும் நின்று, அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்துக் கை ஓய்ந்தவன், சாயங்காலம் ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தால் அதிலே என்ன குற்றம்? நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவளின் மகன், தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக் கொண்டு பொட்டலில் பந்தடித்தால் அதிலே என்ன பாவம்? ரசிப்பது உழைப்பாளியின் உரிமை. அபிமானம் வைப்பதும் அவன் உரிமைதான். ஆனால் அந்த அபிமானத்தோடு ஒரு கேள்வியையும் அவன் கையில் வைத்திருக்க வேண்டும். வேலைநிறுத்தத்தின்போது ஒவ்வொரு தொழிலாளியையும் பார்த்து நாம் கேட்கிற கேள்விதான் அது: நீ எந்தப் பக்கம்?

இந்தக் கேள்வியைத் தங்கள் செல்லப் பிள்ளையையே நிறுத்தி வைத்துக் கேட்ட ஜனங்கள் இருக்கிறார்கள். கடல் கடந்த ஜமைக்காத் தீவின் ஜனங்கள் அவர்கள். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய கதை அவர்களுடையது.

எஜமானனின் ஆட்டம்

மேற்கிந்தியத் தீவுகள் கரும்புத் தோட்டங்களின் தீவுகள். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டு வரப்பட்ட கறுப்பு மக்களின் ரத்தத்திலே அங்கே சர்க்கரை விளைந்தது. 1838ல் அடிமைத்தனம் முற்றாக ஒழிந்ததும், கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். அந்தத் தீவுகளுக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்த ஆட்டம் கிரிக்கெட். ஆட்டம் அவனுடையது; மைதானம் அவனுடையது; காப்டன் பதவியும் அவனுடையது. கறுப்பு மனிதன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், ஒரு வெள்ளைக் கனவானின் கீழேதான் ஆட வேண்டும்.

ஒரு முழுத் தொடருக்கும் கறுப்பர் ஒருவர் காப்டனாக நியமிக்கப்படுவதற்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்தான் பிராங்க் வொரல். அவரைக் காப்டனாக்கு என்று டிரினிடாட் தீவிலிருந்து வெளிவந்த 'நேஷன்' பத்திரிகையில் ஓயாமல் எழுதிப் போராடியவர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் என்ற மார்க்சிய எழுத்தாளர். 1962ல் பார்படோஸ் தீவில் நமது காப்டன் நாரி காண்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு உயிருக்குப் போராடியபோது, எதிர்க் கோஷ்டியின் காப்டனாக இருந்தும் தன் ரத்தத்தைக் கொடுத்தவர் இதே வொரல்தான்.

1976ல் மேற்கிந்தியக் கோஷ்டி இங்கிலாந்து சென்றது. அப்போது இங்கிலாந்தின் காப்டன் டோனி கிரெய்க். தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையர். மேற்கிந்தியரை மண்ணில் தவழ வைப்பேன் என்று அவர் டெலிவிஷனில் கொக்கரித்தார். பதில் மைதானத்தில் கிடைத்தது. ஓவல் டெஸ்டில் விவியன் ரிச்சர்ட்ஸ் 291 ரன் விளாசினார். மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஐந்து டெஸ்டுகளில் மூன்றை ஜெயித்தார்கள், ஒன்றைக்கூடத் தோற்கவில்லை. இங்கிலாந்தில் பஸ் ஓட்டியும் ரயிலில் உழைத்தும் ஆஸ்பத்திரிகளில் ஏவல் செய்தும் பிழைத்து வந்த மேற்கிந்தியத் தொழிலாளிகள் அன்று தலை நிமிர்ந்து நடந்தார்கள். அந்த ஜனங்களுக்குக் கிரிக்கெட் வெறும் பொழுதுபோக்கு அல்ல. எஜமானனின் ஆட்டத்தை எஜமானனை விட நன்றாக ஆடிக் காட்டுவதிலே ஓர் இனத்தின் சுயமரியாதை இருந்தது.

ஜமைக்காவின் செல்லப் பிள்ளை

ஓவல் மைதானத்தில் அன்று ஆடிய பதினொரு பேரில் லாரன்ஸ் ரோவும் ஒருவர். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1972ல் அதே கிங்ஸ்டனின் சபைனா பார்க் மைதானத்தில் நியூஸிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டை ஆடினார். முதல் இன்னிங்ஸில் 214 ரன். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 100 ரன். முதல் டெஸ்டிலேயே இரட்டைச் சதமும் சதமும் அடித்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1974ல் பார்படோஸில் இங்கிலாந்துக்கு எதிராக 302 ரன் குவித்தார்.

ரன் கணக்கு மட்டுமல்ல. அவர் ஆடுகிற அழகே தனி. பாய்ந்து வருகிற வேகப் பந்தை, ஏதோ தோட்டத்தில் உலாவுகிறவர் போல, சீட்டியடித்துக் கொண்டே விளையாடுவார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அவர் மட்டையைத் தூக்கினால் ஜமைக்காவே தூக்கியது போல. அவர் ஆட்டமிழந்தால் வீட்டில் அடுப்பெரியவில்லை. கண் கோளாறு வந்தது. புல்லே உடம்புக்கு ஒவ்வாமல் போனது. பெரிய ஆட்டக்காரருக்கு இப்படியும் ஒரு சோதனையா என்று ஜனங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்காக வருந்துவது போல வருந்தினார்கள். முப்பது டெஸ்டுகளோடு 1980ல் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை நின்று போனது. ஆனாலும் ஜனங்களின் அன்பு நிற்கவில்லை.

இந்த ரோதான் 1983 ஜனவரியில் ஒரு கோஷ்டிக்குக் காப்டனாகி விமானம் ஏறினார். எங்கே? தென்னாப்பிரிக்காவுக்கு!

உலகம் நடத்திய வேலைநிறுத்தம்

அன்றைய தென்னாப்பிரிக்கா எப்படிப்பட்ட தேசம்? சொந்த மண்ணிலே கறுப்பு மனிதனுக்கு ஓட்டு இல்லை. பாஸ் இல்லாமல் வெள்ளையர் ஊருக்குள் கால் வைக்க முடியாது. பஸ்ஸில் தனி இடம், பள்ளிக்கூடத்தில் தனி இடம், கடற்கரையில் கூடத் தனி இடம். 1960ல் ஷார்ப்வில் நகரில் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. 69 பேர் செத்து விழுந்தார்கள். 1976ல் ஸொவெட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையே சுட்டார்கள். நெல்சன் மண்டேலாவை 1964ல் ஆயுள் தண்டனை கொடுத்துத் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அந்த மண்ணுக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 1860ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில்தான் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் கூலிகள் போய்ச் சேர்ந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை அந்த நாட்டுச் சிறையில் வாடி, நோயோடு வெளியே வந்து, 1914ல் உயிர் நீத்தாள். நிறவெறி நம் ரத்தத்தையும் குடித்ததுதான்.

இந்த ஆட்சியோடு எந்த உறவும் வேண்டாம் என்று உலகம் முழுவதும் குரல் எழுந்தது. 1946லேயே வியாபார உறவை முறித்துக் கொண்ட தேசம் இந்தியா. விளையாட்டு மைதானத்திலும் கதவு அடைபட்டது. 1968ல் இங்கிலாந்துக் கோஷ்டியில் பாஸில் டொலிவெரா இருந்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், வெள்ளையர் அல்ல என்பதால் சொந்த நாட்டில் இடம் கிடைக்காமல் இங்கிலாந்துக்குக் குடியேறியவர். அவர் இருக்கும் கோஷ்டி வரவே கூடாது என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர். பயணம் ரத்தாயிற்று. 1970க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட் ஆட எந்த தேசமும் இல்லை. 1977ல் காமன்வெல்த் நாடுகள் கூடி, விளையாட்டுத் தொடர்பு வேண்டாம் என்று உடன்பாடு செய்தன.

நமது ஆட்டக்காரர்களும் விலை கொடுத்தார்கள். 1974ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்து சேர்ந்தது. சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்தக் கோஷ்டியின் தூண்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா சொல்லி விட்டது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அந்தக் கோப்பையை இந்தியா இன்று வரை வென்றதில்லை. போகட்டும்! அந்தக் கோப்பையை விடப் பெரிய ஒன்றை அன்று நாம் காப்பாற்றிக் கொண்டோம்.

தோழர்களே, இது என்ன? இதுதான் வேலைநிறுத்தம். ஓர் ஆலைக்கு எதிராக நாம் நடத்துவதை, ஒரு கொடுங்கோல் ஆட்சிக்கு எதிராக உலக மக்கள் நடத்தினார்கள்.

பின்வாசல் திறந்தது

வேலைநிறுத்தம் நீடித்தால் முதலாளி என்ன செய்வான்? பின்வாசலைத் திறப்பான். தென்னாப்பிரிக்காவும் அதைத்தான் செய்தது. பெரிய கம்பெனிகள் பணப்பையை அவிழ்த்தன. சர்க்கார் அவர்களுக்கு வரிச் சலுகை கொடுத்தது. 1982ல் இங்கிலாந்திலிருந்து ஒரு கோஷ்டி போயிற்று. அதே ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு கோஷ்டி போயிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் முதல் டெஸ்ட் காப்டன் பந்துல வர்ணபுர. இலங்கை கிரிக்கெட் போர்டு அவர்களுக்கு 25 வருஷத் தடை விதித்தது.

ஆனால் வெள்ளையாட்சி உண்மையில் விரும்பிய சரக்கு இவையல்ல. கறுப்பு ஆட்டக்காரன் வேண்டும்! உலகத்தையே ஜெயித்துக் கொண்டிருந்த மேற்கிந்தியக் கறுப்பன் வந்து ஆடினால், "பார், இங்கே எல்லாம் சுமுகமாக இருக்கிறது" என்று உலகத்தின் கண்ணில் மண்ணைத் தூவலாம். அதற்காக அலி பேக்கர் முதலான தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் நிர்வாகிகள் ரகசியமாக வலை வீசினார்கள். தலைக்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலர் அளவில் என்று பேசப்பட்டது. வலையில் விழுந்தவர்கள் சாமான்யர்கள் அல்ல. ரோ, காலின் கிராப்ட், ஸில்வெஸ்டர் கிளார்க், காலிஸ் கிங், சேப்பாக்கம் ரசிகர்கள் 1979ல் நேரில் பார்த்த ஆல்வின் காளிச்சரண்!

அங்கே அவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? "கௌரவ வெள்ளையர்" என்ற பட்டம். அதாவது, உன் தோலை வாசலில் கழற்றி வைத்து விட்டு உள்ளே வா என்று அர்த்தம். அந்தப் பட்டத்தின் லட்சணம் சீக்கிரமே வெளுத்தது. 1983ல் காலின் கிராப்ட் கேப்டவுனில் ஒரு ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். அது வெள்ளையர் பெட்டி. டிக்கெட் பரிசோதகர் வந்து எழுப்பி விட்டார். உலகத்து பாட்ஸ்மன்களை நடுங்க வைத்த வேகப் பந்து வீச்சாளர், எழுந்து போக வேண்டியதாயிற்று! மைதானத்தில் கௌரவ வெள்ளையன். ரயிலில் பழைய கறுப்பன்.

ஜமைக்காவில் செய்தி இடி போல இறங்கியது. போர்டு அத்தனை பேருக்கும் ஆயுள் தடை விதித்தது. ஆனால் போர்டின் தடையை விடப் பெரியது ஜனங்களின் தடை. நேற்று வரை தோளில் தூக்கியவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். ரோ ஊரை விட்டு அமெரிக்காவின் மியாமி நகரில் போய்க் குடியேறினார்.

ஏன் போனார்கள்?

அவர்களைத் திட்டி விட்டுக் கடந்து போவது சுலபம். உழைப்பாளி அப்படிச் செய்யக் கூடாது. கருங்காலி எப்படிப் பிறக்கிறான் என்பது நமக்குத் தெரியும்.

அந்நாளில் மேற்கிந்தியக் கிரிக்கெட் போர்டு கொடுத்த சம்பளம் அற்பம். இங்கிலாந்தில் ஆட இடம் கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவன், சீசன் முடிந்தால் வேலை தேடி அலைந்தான். ஜமைக்காவில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம் அது. வேகப் பந்து வீச்சாளர்கள் குவிந்து கிடந்ததால், வேறு எந்த தேசத்திலும் முதல் இடம் பெறக் கூடிய கிளார்க் போன்றவர்களுக்குக் கூடச் சொந்தக் கோஷ்டியில் நிரந்தர இடம் இல்லை. ரோவின் டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்து விட்டது. பென்ஷனா இருந்தது? பிராவிடண்டு பண்டா இருந்தது? ஆட்டக்காரனும் கையை விற்றுப் பிழைக்கிற உழைப்பாளிதான். அவன் கை ஓய்ந்ததும் போர்டு அவனைக் கரும்புச் சக்கை போலத் துப்பி விட்டது.

இன்னொரு நியாயமும் அவர்கள் சொன்னார்கள். 1982ல் போன இங்கிலாந்துக் கோஷ்டிக்கு மூன்று வருஷத் தடைதான். அதன் காப்டன் கிரகாம் கூச் திரும்பி வந்து இங்கிலாந்துக்கே காப்டனானார். கறுப்பனுக்கு மட்டும் ஆயுள் தடையா? பிரிட்டிஷ், அமெரிக்கக் கம்பெனிகள் தென்னாப்பிரிக்காவில் கோடி கோடியாக லாபம் அள்ளிக் கொண்டுதானே இருந்தன? மார்கரெட் தாட்சரும் ரொனால்ட் ரீகனும் பொருளாதாரத் தடை வேண்டாம் என்றுதானே வாதாடினார்கள்? பெரிய திருடனை விட்டு விட்டு எங்களை மட்டும் பிடிப்பானேன்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெரிய திருடனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் பெரிய திருடன் இருக்கிறான் என்பதால், பின்வாசல் வழியே போனது நியாயமாகி விடுமா? ஆலையில் அதிகாரியின் மைத்துனன் வேலைக்குப் போனால் நமக்குக் கோபம் வரலாம், நெஞ்சு வலிக்காது. நம் தெருக்காரன், நம்மோடு கூழ் குடித்தவன், மறியல் வரிசையைத் தாண்டிப் போனால்தான் வலிக்கும். ஜமைக்கா ஜனங்களின் கோபம் அந்த வலியிலிருந்து வந்தது.

போகாதவர்கள்

வறுமைதான் காரணம் என்றால் எல்லோரும் போயிருக்க வேண்டும். போனார்களா?

விவியன் ரிச்சர்ட்ஸுக்கு வலை வீசினார்கள். மற்றவர்களுக்குக் காட்டியதை விடப் பெரிய தொகையைக் காட்டினார்கள். முடியாது என்று சொல்லி விட்டார். அப்போது இளைஞராக இருந்த பார்படோஸ் வேகப் பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷலை அணுகினார்கள். அவரும் மறுத்தார். ஜமைக்காவின் மைக்கேல் ஹோல்டிங் போகவும் இல்லை. போனவர்களைக் கண்டிக்கத் தயங்கவும் இல்லை. இவர்களும் அதே தீவுகளின் பிள்ளைகள். அதே போர்டுதான் இவர்களுக்கும் படியளந்தது.

இங்கேதான் நாம் தராசைப் பிடிக்க வேண்டும். பசி ஒரு மனிதனைப் பின்வாசல் வரை தள்ளிக் கொண்டு போகிறது. உள்ளே கால் வைப்பதா, திரும்புவதா என்பது அவன் முடிவு. பசியைப் புரிந்து கொள்கிறோம். முடிவை மன்னிக்க முடியாது.

"நாங்கள் போனதால் வெள்ளைப் பிள்ளைகள் கறுப்பனுக்குக் கை தட்டக் கற்றுக் கொண்டார்கள், அதனால்தான் நிறவெறி தளர்ந்தது" என்றும் சிலர் பிற்பாடு சொல்லிப் பார்த்தார்கள். கதை! நிறவெறியைத் தளர்த்தியது யார்? 1987ல் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்த இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளிகள். தெருத் தெருவாக எழுந்து நின்ற ஜனங்கள். 1990ல் மைக் கேட்டிங் தலைமையில் இன்னொரு இங்கிலாந்துக் கோஷ்டி கூலிக்கு ஆட வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். மைதானத்துக்கு வெளியே மறியல். தங்கியிருந்த ஹோட்டலிலோ, கறுப்புத் தொழிலாளிகள் அவர்களுக்குப் பரிமாற மாட்டோம் என்று கையைக் கட்டிக் கொண்டார்கள்! பயணம் பாதியில் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான், 1990 பிப்ரவரி 11 அன்று, மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார்.

நிறவெறிச் சட்டங்கள் ஒழியத் தொடங்கியதும் தடையும் நீங்கியது. தென்னாப்பிரிக்கக் கோஷ்டி 1991 நவம்பர் 10 அன்று முதல் சர்வதேச மாட்சை ஆடியது எங்கே தெரியுமா? ஜோதி பாசு முதன்மந்திரியாக இருந்த மேற்கு வங்கத்தின் கல்கத்தாவில், ஈடன் தோட்டத்தில்! கதவை அடைத்தவர்களும் நாம்தான். காலம் வந்ததும் கதவைத் திறந்து வரவேற்றவர்களும் நாம்தான். அதுதான் நியாயமான போராட்டத்தின் அழகு.

கூலி கொடுத்தவன் கை கழுவினான்

வேலைநிறுத்தம் முடிந்ததும் கருங்காலியின் கதி என்ன? முதலாளிக்கும் அவன் வேண்டாம். தொழிலாளிக்கும் அவன் ஆகான்.

ரோவோடு போன ரிச்சர்ட் ஆஸ்டின் ஜமைக்காவுக்கு இரண்டு டெஸ்டுகளின் பெருமையைத் தேடித் தந்தவர். போதைக்கு அடிமையாகி, கிங்ஸ்டன் தெருக்களில் கையேந்தி அலைந்து, 2015ல் இறந்தார். டேவிட் மர்ரே, மகத்தான ஆட்டக்காரர் எவர்ட்டன் வீக்ஸின் மகன். விக்கெட் கீப்பராக உலகம் மெச்சியவர். அவர் கடைசிக் காலமும் வறுமையிலேயே கழிந்தது. இவர்களை விலைக்கு வாங்கிய கம்பெனிகள் எங்கே போயின? அவை ஒரு நஷ்டமும் இல்லாமல் புதிய தென்னாப்பிரிக்காவிலும் வியாபாரம் நடத்தின.

இதைச் சொல்லும்போது நமக்குச் சந்தோஷம் இல்லை. கருங்காலியின் வீட்டிலும் அடுப்பு உண்டு, பிள்ளைகள் உண்டு. நம் கோபத்தின் முதல் பங்கு வாங்கியவனுக்கு; இரண்டாம் பங்குதான் விற்கப்பட்டவனுக்கு.

1989ல் ஆயுள் தடை நீக்கப்பட்டது. 2011 ஜூன் மாதம் ஜமைக்கா கிரிக்கெட் சங்கம் ரோவைச் சபைனா பார்க்குக்கு அழைத்தது. அவர் 214ம் 100ம் அடித்த அதே மைதானம். ஆட்டக்காரர் மண்டபத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. ரோ எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். இருபத்தெட்டு வருஷக் காயம் ஆறியது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் பிறகு ஒரு பேட்டியில், தான் செய்தது தவறென்று தான் நினைக்கவில்லை என்று அவரே சொல்லி விட்டார். சங்கம் என்ன செய்தது? கொடுத்த கௌரவத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டது!

சின்னத் தீவு. ஏழை ஜனங்கள். ஆனால் எவ்வளவு தெளிவான தீர்ப்பு! உன் 214ஐ நாங்கள் மறக்கவில்லை. உன் 302ஐ அழிக்கவில்லை. ரன் கணக்கில் உன் பெயர் என்றும் இருக்கும். ஆனால் மண்டபம் வேறு. அது ஜனங்களின் மரியாதை. செய்தது தவறு என்று மனதாரச் சொல்லாதவனுக்கு அதைத் தர முடியாது.

நம் ஊருக்கு வருவோம்

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? 2020 நவம்பர் 26 முதல் லட்சக் கணக்கான விவசாயிகள் டில்லி எல்லையில், கொட்டும் பனியில், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து உட்கார்ந்திருந்தார்கள். 2021 பிப்ரவரி 2 அன்று, இதைப் பற்றி நாம் ஏன் பேசவில்லை என்று ஒரு வரியில் உலகத்தைக் கேட்டார் பாடகி ரிஹானா. எந்த ஊர்க்காரி? வொரல் ரத்தம் கொடுத்த, ரோ 302 அடித்த அதே பார்படோஸ்!

மறுநாளே நம் நாட்டுப் புகழ் பெற்ற கிரிக்கெட் வீரர்கள் பலர், ஒரே வாசகக் குறிகளோடு, வரிசையாக எழுதினார்கள். சச்சின் டெண்டுல்கர் எழுதியதன் சாரம் என்ன? இந்தியாவின் இறையாண்மையை விட்டுக் கொடுக்க முடியாது. வெளியார் பார்க்கலாம், பங்கு கொள்ளக் கூடாது. அந்த வாசகத்தில் விவசாயி என்ற சொல்லே இல்லை. அன்றைய காப்டன் விராட் கோலி விவசாயிகள் தேசத்தின் அங்கம் என்றார். சுமுகமான முடிவு வரட்டும் என்றார். அதற்கடுத்த நாள், சேப்பாக்கம் டெஸ்டுக்கு முன் நிருபர்கள் கேட்டபோது, கோஷ்டிக் கூட்டத்தில் சுருக்கமாகப் பேசினோம் என்று சொல்லி முடித்துக் கொண்டார்.

இதைக் கருங்காலித்தனம் என்று நாம் சொல்லவில்லை. ரோ செய்தது வேறு, இது வேறு. ஆனால் ரசிகனின் நெஞ்சில் விழுந்த அடி ஒரே ஜாதி. இருபது வருஷம் அவர் அடித்த ஒவ்வொரு ரன்னுக்கும் கை தட்டியவர்களில் அந்தப் பனியில் உட்கார்ந்திருந்த உழவனும் ஒருவன். அவன் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை.

கேரளத்து ரசிகர்கள் இதற்கு வேடிக்கையாக ஒரு பரிகாரம் செய்தார்கள். 2014ல், டெண்டுல்கர் யாரென்று தெரியாது என்று சொன்னதற்காக டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவாவின் பேஸ்புக் பக்கத்தில் போய் வசைமாரி பொழிந்தவர்கள் அவர்கள். 2021ல் பலர் அதே பக்கத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள்! சிரிப்புக்கு நடுவே ஒரு பாடம் இருக்கிறது. அபிமானம் கண்ணை மறைத்தால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூட வையச் சொல்லும். கண் திறந்தால், அதே மனிதனை நியாயம் பேசச் சொல்லும்.

விவசாயிகள் யாருடைய வாசகத்துக்கும் காத்திருக்கவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 19 அன்று சட்டங்களை வாபஸ் வாங்குவதாகப் பிரதமர் அறிவித்தார். எந்த நட்சத்திரத்தின் தயவும் இல்லாமல் கிடைத்த வெற்றி அது.

ஆகவே, தோழர்களே, ஆட்டத்தை ரசியுங்கள். நல்ல அடிக்குக் கை வலிக்கத் தட்டுங்கள். உங்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள். அபிமானத்தை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதை அடகு வைக்காதீர்கள். எந்த ஆட்டக்காரனையும் கடவுளாக்காதீர்கள். கடவுளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவனை மனிதனாகவே வைத்திருங்கள். மனிதனிடம்தான் கேட்க முடியும்: மறியல் வரிசை நின்றபோது நீ எங்கே நின்றாய்?

சரியான பதில் சொல்கிறவனுக்கு மண்டபம் கட்டுவோம். சொல்லாதவனுக்கு, அடித்த ரன்னுக்குரிய கைதட்டல் உண்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.